சீட்டு, குவியல், பத்தி: பிள்ளைகளுக்குக் கட்டுரையை முறைப்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் வழி

எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளை முதல்முறையாகத் திருத்த உட்காரும் ஆசிரியரின் சிவப்பு மை பெரும்பாலும் ஒற்றுப்பிழைக்கும் ர, ற குழப்பத்துக்குமே செலவாகும். சட்டென்று கண்ணில் படுவது அதுதானே. ஆனால் நோட்டை மூடிவைத்துவிட்டு, 'இந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பல நோட்டுகளுக்குப் பதில் வராது. ஊர் ஏரியைப் பற்றி எழுதச் சொல்லியிருப்போம். முதல் வரியில் நீரின் பெருமை, இரண்டாவதில் மீன், மூன்றாவதில் போன வருட மழை, நான்காவதில் மறுபடியும் மீன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் சரி. சேர்த்துப் படித்தால் ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் வகுப்பு எடுத்துவருகிறேன். இந்தக் குறையைச் சரிசெய்ய ஆரம்பத்தில் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான்: கரும்பலகையில் முன்னுரை, நான்கு உள்தலைப்புகள், முடிவுரை என்று எழுதிப்போட்டு, 'இப்படி எழுதுங்கள்' என்றேன். எழுதினார்கள். நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை வந்தது. அடுத்த மாதம் வேறு தலைப்புக் கொடுத்தபோது உள்தலைப்புக்காக என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பலகையில் இருந்தது என்னுடைய வரிசை என்று. கருத்துகளைக் கலைத்து, அடுக்கி, மறுபடி கலைத்து அடுக்கும் வேலையைப் பிள்ளை தன் கையால் செய்தால்தான் வரிசை அதற்குச் சொந்தமாகும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தக் கைவேலையைப் பற்றித்தான். புதிதாக வகுப்புக்கு வந்திருக்கும் ஆசிரியர்களை நினைத்து எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இது ஆகும்.

தலைப்பை அருகிலிருந்து எடுங்கள்

வரிசைப்படுத்தப் பழகும் நாட்களில் பெரிய தலைப்புகள் வேண்டாம். 'இயற்கையைப் பாதுகாப்போம்' என்று கொடுத்தால் பிள்ளையிடம் சொந்தச் சரக்கு இருக்காது. நோட்ஸில் படித்த வாக்கியங்கள்தான் வரும், அவை ஏற்கெனவே யாரோ அடுக்கிவைத்தவை. அடுக்கிப் பழக வேண்டுமென்றால் அடுக்கப்படாத பொருள் கையில் இருக்க வேண்டும். பிள்ளை தினமும் பார்க்கிற ஒன்றைக் கொடுங்கள்: ஊர் ஏரி, வாரச்சந்தை, பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை வரிசை, தெருமுனை டீக்கடை, வீட்டு ஆடு. நகரத்துப் பள்ளி என்றால் மாடிப்படியும் தண்ணீர் லாரியும் போதும்.

நான் அதிகம் பயன்படுத்தியது ஏரி. அதை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

சீட்டில் எழுதுதல்

பழைய தினசரி நாள்காட்டித் தாள்களைச் சேர்த்துவையுங்கள். ஒரு வருட நாள்காட்டியில் 365 தாள் கிடைக்கும், பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்தால் ஒரு வகுப்புக்குத் தாராளம். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 20 சீட்டு கொடுங்கள்.

விதி ஒன்றுதான். ஒரு சீட்டில் ஒரு செய்தி. 'ஏரியில் மீன் இருக்கிறது, பனைமரமும் இருக்கிறது' என்று ஒரே சீட்டில் எழுதினால் அதை இரண்டு சீட்டாக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். எது முதலில் என்றும் கேட்காதீர்கள். பேச்சுநடையில் எழுதினாலும் விட்டுவிடுங்கள். நேரம் 10 நிமிடம்.

முதல் இரண்டு நிமிடத்தில் 'ஏரி அழகாக இருக்கும்', 'ஏரி நமக்குப் பயன்படுகிறது' போன்ற பொதுவான சீட்டுகள் வரும். அவற்றைத் தள்ளாதீர்கள், பக்கத்தில் நின்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'நீ கடைசியாக ஏரிக்குப் போனது எப்போது? அன்றைக்கு என்ன பார்த்தாய்?' அதற்கப்புறம் வரும் சீட்டுகள் வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை ஒரு குழுவிலிருந்து வந்தவை இவை:

விரால் மீன் கிடைக்கும். கலங்கலில் (ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வெளியேறும் இடம்) தண்ணீர் வழியும்போது எல்லாரும் வேடிக்கை பார்ப்போம். ஒரு மதகு உடைந்திருக்கிறது. வரத்துக் கால்வாயில் குப்பை. கோடையில் ஏரிக்குள் கிரிக்கெட் விளையாடுவோம். கொக்கு, நாரை வரும். சீமைக் கருவேலம் நிறைய முளைத்துவிட்டது. ஏரித் தண்ணீரில் நெல் விளையும். கரையில் பனைமரம். அய்யனார் கோயில். வண்டல் மண் எடுத்து வயலில் போடுவார்கள். எங்கள் தாத்தா மடை திறக்கும் வேலை பார்த்தார்.

ஒரு கட்டுரைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்! பிள்ளைகளிடம் விஷயம் இல்லை என்று நாம் சொல்வது சரியே இல்லை.

குவியலாக்குதல்

இப்போது சீட்டுகளைத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். பெஞ்சில் இடம் போதாது. தரையில் என்றால் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து கைநீட்டி நகர்த்தலாம். 'சேர்ந்து இருக்க வேண்டியதைச் சேர்த்து வையுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். குவியலின் பெயரை நீங்கள் சொல்லக் கூடாது. புதிதாக வரும் ஆசிரியருக்கு இதுதான் மிகக் கடினமான இடம். வாய் துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் வரும். 'கிரிக்கெட்டை எதில் சேர்க்கிறது?' என்று சண்டை வரும். ஒருவன் அதை 'நாங்கள் விளையாடுவது' என்ற குவியலில் போடுவான். இன்னொருத்தி, 'ஏரி காய்ந்தால்தானே விளையாட முடியும், அது கோடையில் சேரும்' என்பாள். இரண்டுமே சரி. நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல், 'ஏன்?' என்று மட்டும் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை கருத்துகளை முறைப்படுத்தத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

குவியல் பிரிந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதி மேலே வைக்க வேண்டும். பெயர் கிடைக்காத குவியல் உண்மையில் குவியல் இல்லை, மிச்சமானதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிய இடம். அதைத் திரும்பக் கலைக்கச் சொல்லுங்கள்.

நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். தொல்காப்பியத்திலும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலிலும் இந்த நூற்பா இருக்கிறது:

நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு
ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது
ஓத்தென மொழிப உயர்மொழிப் புலவர்.

ஒரே இனத்து மணிகளை வரிசையாக வைப்பதுபோல ஒரே இனத்துப் பொருளை ஓரிடத்தில் வைப்பது ஓத்து. ஓத்து என்பது நூலின் இயலைக் குறிக்கிற சொல்தான், ஆனாலும் பத்திக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. குவியல் வேலை முடிந்த பிறகு இந்த மூன்றடியைப் பலகையில் எழுதுங்கள். செய்துமுடித்த வேலையின் பெயராக வந்து சேரும்போது பிள்ளைகளுக்கு அது சட்டென்று விளங்கும். முன்கூட்டியே எழுதினால் மனப்பாடச் செய்யுளாகப் போய்விடும்.

எந்தக் குவியலிலும் சேராத சீட்டு ஒன்றிரண்டு கட்டாயம் மிஞ்சும். அவற்றைத் தூக்கிப் போடவிடாதீர்கள். ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன குழுவில் மிஞ்சியது தாத்தா மடை திறந்த சீட்டு. அது பிறகு எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குவியல்களை எந்த வரிசையில் வைப்பது?

இதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். முடிந்தால் இரண்டு. 'காலவரிசை, இடவரிசை' என்று பெயர்களை எழுதிப்போட்டு விளக்கத் தொடங்கினால் இலக்கண வகுப்பாகிவிடும். அதற்குப் பதிலாக, அதே சீட்டுகளை மூன்று ஆட்களுக்குச் சொல்வதாக நினைக்கச் சொல்லுங்கள்.

முதல் ஆள், சென்னையிலிருந்து லீவுக்கு வரும் அத்தை மகன். அவன் ஏரியைப் பார்த்ததே இல்லை. அவனை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். தண்ணீர் வருகிற வழியிலேயே போகலாம்: வரத்துக் கால்வாய், அங்கிருந்து நீர்ப்பரப்பு, கரை, கரையில் பனையும் அய்யனாரும், மதகு, மதகைத் தாண்டினால் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல். இது இடவரிசை. ஒரு விஷயத்தை மட்டும் வலியுறுத்துங்கள்: நடந்துகொண்டே போகிறவன் திடீரென்று பறந்து திரும்பி வர மாட்டான். வயலுக்குப் போன பிறகு மறுபடி கால்வாய்க் குப்பைக்கு வந்தால், கூட வருகிறவன் வழி தவறிவிடுவான்.

இரண்டாம் ஆள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் சித்தப்பா. அவருக்கு ஏரி தெரியும். 'இந்த வருடம் எப்படி இருந்தது?' என்றுதான் கேட்பார். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கலங்கல் வழிந்தது, கொக்கும் நாரையும் வந்தன, தையில் அறுவடை, பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்றி மீன்பிடி, சித்திரையில் காய்ந்த ஏரிக்குள் கிரிக்கெட், வண்டல் எடுக்க வரும் டிராக்டர். இது காலவரிசை. சீட்டுகள் அதேதான், இடம் மாறிவிட்டது.

மூன்றாம் ஆள், ஊராட்சித் தலைவர். அவருக்கு இடமும் தெரியும், காலமும் தெரியும். அவரைக் கொண்டு ஒரு வேலை நடக்க வேண்டும். அங்கே போய்ப் பனைமரத்தை வர்ணிக்க முடியாது. கால்வாயில் குப்பை, ஏரிக்குள் கருவேலம், மதகு உடைப்பு என்று காரணம் முதலில். அதனால் தண்ணீர் நிற்கவில்லை, நெல் விளையவில்லை என்று விளைவு அடுத்து. என்ன செய்ய வேண்டும் என்பது கடைசி. காரணம், விளைவு, தீர்வு. இதில் கொக்கு, கிரிக்கெட் சீட்டுகளுக்கு வேலையே இல்லை. எடுத்து வைத்துவிட வேண்டும். தான் எழுதிய ஒரு சீட்டை வேண்டாமென்று ஒதுக்கப் பிள்ளைக்கு மனசு வராது. 'அது நல்ல சீட்டுதான், இந்த ஆளுக்கு வேண்டாம்' என்று சொல்லிக் கொடுங்கள்.

ஒவ்வொரு குழுவும் மூன்று ஆளுக்கும் ஒருமுறை அடுக்கிப் பார்க்கட்டும். எந்த வரிசை சரி என்று யாராவது கேட்டால், 'யாருக்குச் சொல்கிறாய்?' என்று திருப்பிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

வேறு வரிசைகளும் உண்டு. வாதம் செய்யும் கட்டுரையில் வலுவான காரணத்தைக் கடைசியில் வைக்கலாம். ஒப்பிடும் கட்டுரை என்றால் இரண்டு பாதை: ஏரியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போவது, அல்லது ஆழம், பயன், பராமரிப்பு என்று ஒவ்வொன்றிலும் இரண்டையும் பக்கத்தில் வைப்பது. சின்ன வகுப்புக்கு முதலாவது சுலபம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இரண்டாவதைப் பழக்குங்கள்.

எழுதும் முன் பேசட்டும்

சீட்டு வரிசை தயாரானதும் பேனாவை எடுக்கவிடாதீர்கள். பக்கத்துக் குழுவிலிருந்து ஒருவரை வரவழைத்து, சீட்டுகளைத் தொட்டுக்கொண்டே வாயால் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிறவருக்கு ஒரே வேலை: புரியாத இடத்தில் கையைத் தூக்குவது. கை எங்கே தூக்கப்படுகிறதோ அங்கே ஒரு சீட்டு குறைகிறது, அல்லது இடம் மாறியிருக்கிறது. எழுத்து தடுமாறும் பிள்ளைகள் பலர் இந்தக் கட்டத்தில் வகுப்பிலேயே நன்றாகச் செய்வார்கள். அவர்களுக்கு வரிசை தெரிகிறது, கைதான் ஓடவில்லை என்பது நமக்கும் அப்போதுதான் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை சொல்லச் சொல்ல இன்னொரு பிள்ளை எழுதலாம். அதில் தவறொன்றும் இல்லை.

ஒரு குவியல், ஒரு பத்தி

பத்தியின் முதல் வாக்கியம் குவியலின் பெயரை விரித்துச் சொல்ல வேண்டும். குவியலின் பெயர் 'கெட்டுப்போனது' என்றால், 'எங்கள் ஏரி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வருகிறது' என்பது முதல் வாக்கியம். அதை நான் தலைவாக்கியம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்று இரண்டு அடுத்தடுத்து வரும். தொகுத்ததைத் தலைவாக்கியத்தில் சுட்டு, மற்ற வாக்கியங்களில் வகுத்துக் காட்டு என்று சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

சோதிக்க ஒரு வழி: தலைவாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு மற்ற வாக்கியங்களைப் படித்து, மறைத்தது என்ன என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்க வேண்டும். ஓரளவு சரியாகச் சொன்னால் பத்தி உருப்பட்டுவிட்டது.

இணைப்பு: 'மேலும்' என்ற ஒரே ஆணி

இனி கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். ஒரு மாணவனின் முதல் எழுத்து இப்படி இருந்தது:

'எங்கள் ஊரில் ஏரி உள்ளது. மேலும் அதில் மீன் உள்ளது. மேலும் ஏரியில் கருவேல மரம் உள்ளது. மேலும் கால்வாயில் குப்பை உள்ளது. மேலும் இரண்டு வருடமாக ஏரி நிரம்பவில்லை. மேலும் மதகு உடைந்துள்ளது. மேலும் விரால் மீன் சுவையாக இருக்கும்.'

எந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் 'மேலும்' பொருந்தும். அதனாலேயே அது எதையும் இணைப்பதில்லை. அவனிடம் ஒவ்வொரு 'மேலும்' மீதும் கைவைத்து, 'இந்த இரண்டுக்கும் என்ன உறவு? இதனால் அதுவா? இது இருந்தும் அதுவா? இதற்குப் பிறகு அதுவா?' என்று கேட்டுக்கொண்டே போனேன். ஊராட்சித் தலைவருக்குச் சொல்வதாக வைத்துக்கொண்டு சீட்டுகளை மாற்றி அடுக்கினான். இரண்டு வகுப்புக்குப் பிறகு அவன் எழுதியது:

'எங்கள் ஏரி இரண்டு வருடமாக நிரம்பவில்லை. மழை பெய்யாமல் இல்லை, போன ஐப்பசியில்கூட நன்றாகப் பெய்தது. ஆனால் அந்தத் தண்ணீர் ஏரிக்கு வந்து சேரவில்லை. வரத்துக் கால்வாயைக் குப்பை அடைத்திருப்பதுதான் காரணம். வந்த கொஞ்சத் தண்ணீரும் உடைந்த மதகு வழியாகப் போய்விட்டது. அதனால் விரால் பிடிக்கிறவர்கள் இப்போது பக்கத்து ஊர் ஏரிக்குப் போகிறார்கள்.'

மீனைப் பாருங்கள். முன்பு இரண்டு இடத்தில் சும்மா கிடந்தது. இப்போது ஒரே இடத்தில், விளைவாக வந்து நிற்கிறது. கருவேலம் காணாமல் போயிருக்கிறது. அதை அவனே எடுத்துவிட்டான், 'இந்தப் பத்திக்கு அது வேண்டாம் சார், அடுத்த பத்தியில் வைத்துக்கொள்கிறேன்' என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடு.

இணைப்புச் சொற்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் உண்டு: ஆகவே, எனவே, எனினும், மாறாக. பட்டியல் தவறில்லை. ஆனால் தமிழில் வாக்கியங்களை இணைப்பது பெரும்பாலும் தனிச்சொல் இல்லை, சொல்லின் வால்தான். இதைக் காட்ட நான் ஒரே வினையை எடுத்துக்கொள்வேன்:

ஏரி நிரம்பியதும் கலங்கலில் தண்ணீர் வழிந்தது.
ஏரி நிரம்பியதால் இரண்டாம் போகம் விளைந்தது.
ஏரி நிரம்பியும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை.
ஏரி நிரம்பினால் கிணறுகளில் நீர் ஏறும்.

நிரம்பியதும் என்றால் காலம். நிரம்பியதால் என்றால் காரணம். நிரம்பியும் என்றால் எதிர்பார்த்தது நடக்கவில்லை. நிரம்பினால் என்றால் நிபந்தனை. முதல் பாதியை மட்டும் பலகையில் எழுதிவிட்டு மறுபாதியைப் பிள்ளைகளிடமிருந்து வாங்குங்கள். 'நிரம்பியும்' என்று எழுதி நிறுத்தினால், தொடர்ச்சி 'இல்லை' என்ற ஏமாற்றத்தில்தான் முடியும் என்று வகுப்பே சொல்லும். வீட்டில் பேசும்போது இதையெல்லாம் அவர்கள் தவறே இல்லாமல் பேசுகிறார்கள். எழுத உட்கார்ந்ததும்தான் எல்லாவற்றையும் வெட்டி, 'உள்ளது, உள்ளது' என்று முடிக்கிறார்கள். 'உள்ளது' இல்லாமல் ஒரு பத்தி எழுதிவரச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அந்த, இந்த, அப்படி, அங்கே என்ற சுட்டுச் சொற்களும் இதே வேலையைச் செய்கின்றன. மேலே உள்ள பத்தியில் 'அந்தத் தண்ணீர்' என்பதில் 'அந்த'வை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், முந்தைய வாக்கியத்தோடு இருந்த பிடி விட்டுப்போகும்.

முன்னுரையும் முடிவுரையும்

இரண்டையும் கடைசியில் எழுத வையுங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியும் முன்பே முன்னுரை எழுதச் சொல்வதால்தான் எல்லாக் கட்டுரையும் 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்குகிறது. குறள் மேல் குற்றமில்லை. கட்டுரைக்குள் அந்தக் குறளுக்கு வேலை இருந்தால் தாராளமாக இருக்கட்டும்.

மிஞ்சிய சீட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டிய நேரம் இதுதான். தாத்தா மடை திறந்த சீட்டை எழுதியவள் அதை முன்னுரையாக்கினாள்: 'எங்கள் தாத்தா ஏரி மடையைத் திறக்கும் வேலை பார்த்தவர். விடியும் முன்பே மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார் என்று பாட்டி சொல்வார். அவர் திறந்த மதகைப் பார்க்க நான் போனபோது அது உடைந்து கிடந்தது.' அப்படியே ஏரியின் இன்றைய நிலைக்குப் போய்விட்டாள். எந்தக் குவியலிலும் சேராதது பெரும்பாலும் பிள்ளையின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்ததாக இருக்கும். அதற்கேற்ற இடம் வாசலாகவோ கொல்லைக் கதவாகவோ அமைவது அடிக்கடி நடக்கிறது.

முடிவுரையில் புதிய செய்தி வரக் கூடாது, சொன்னதையே திரும்பச் சொல்லவும் கூடாது. அப்படியென்றால் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். 'யாருக்குச் சொன்னாயோ, அவர் இதைப் படித்த பிறகு என்ன செய்ய வேண்டும், அல்லது எதை நினைக்க வேண்டும்?' என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை இரண்டு வரியில் எழுதினால் போதும்.

திருத்தும்போது

ஒரு நோட்டில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். முதல் சுற்றில் வரிசை மட்டும். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் ஓரத்தில் ஒரே சொல்லில் அது எதைப் பற்றியது என்று எழுதுங்கள்: மழை, மீன், மதகு, மீன். மீன் இரண்டு தடவை வந்துவிட்டதா? பிள்ளைக்கு நீங்கள் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் இந்த ஓரச்சொல்லைப் பிள்ளையே எழுதிவிட்டு நோட்டைத் தர வேண்டும் என்று பழக்கிவிடுங்கள். நோட்டு உங்கள் மேசைக்கு வரும் முன்பே பாதித் திருத்தம் முடிந்துவிடும்.

குறையைச் சொல்ல நன்னூலின் பத்துக் குற்றங்களிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துவைத்திருக்கிறேன். சொன்னதையே சொன்னால் 'கூறியது கூறல்'. ஏரியில் தொடங்கிக் கிரிக்கெட் வீரர் பக்கம் போய்விட்டால் 'மற்றொன்று விரித்தல்'. ஆரம்பத்தில் ஜோராகப் போய், போகப் போக இரண்டு வரிப் பத்தியாகச் சுருங்கி முடிந்தால் 'சென்று தேய்ந்து இறுதல்'. பெரிய பெயர்கள்தான், ஆனால் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிறது. 'டேய், நீ மற்றொன்று விரிக்கிறாய்' என்று ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நல்லதற்கும் ஒரு பெயர் வேண்டும். நன்னூல் சொல்லும் பத்து அழகில் 'முறையின் வைப்பு' என்று ஒன்று இருக்கிறது. வரிசை நன்றாக அமைந்த பத்திக்குப் பக்கத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

எழுத்துப்பிழையை இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு எப்படி?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். குறிப்புகளை வினாத்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள், முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரைக்கும். சீட்டும் குவியலும் எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. குறிப்பு என்பது பெயர் வைத்த வெறும் குவியல்தான். சீட்டுகளை அங்கே பிள்ளைதான் போட வேண்டும். சீட்டு எழுதிப் பழகாத பிள்ளை, குறிப்பில் உள்ள சொல்லையே நீட்டி இரண்டு வாக்கியமாக்கிவிட்டு நின்றுவிடுகிறது.

தேர்வறைக்கு இதைச் சுருக்கிக் கொடுங்கள். மூன்று நிமிடம். விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே இரண்டு மூன்று சொற்கள். 'பயன்கள்' என்ற குறிப்புக்கு எதிரே நெல், கிணறு, விரால். ஒரே சொல் இரண்டு குறிப்புக்கு எதிரே வந்துவிட்டால் ஒன்றை அடித்துவிட வேண்டும். பிறகு எழுதத் தொடங்கலாம். இதை அரையாண்டுக்கு முன்பே நாலைந்து தடவை கடிகாரம் வைத்துச் செய்துபாருங்கள், இல்லாவிட்டால் தேர்வு பயத்தில் இந்த மூன்று நிமிடத்தைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

எப்போது தொடங்கலாம் என்றால், ஜூன் மாதம் பள்ளி திறந்து வருகைப் பதிவேடு நிலைக்கு வந்ததும். முதல் மாதம் சீட்டும் குவியலும் மட்டும், கட்டுரையே வேண்டாம். ஜூலையில் மூன்று ஆட்களுக்கு அடுக்குவது. ஆகஸ்டில் பத்தியும் இணைப்பும். காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு முழுக் கட்டுரை வந்துவிடும். பாடப்புத்தகத்தின் 'மொழியை ஆள்வோம்' பகுதியில் வரும் கட்டுரைத் தலைப்புகளையே அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குழுவின் சீட்டுகளையும் பழைய கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு, மேலே தலைப்பை எழுதி அலமாரியில் வையுங்கள். டிசம்பரில் அதே உறையைப் பிரித்து வேறு குழுவிடம் கொடுத்து அடுக்கச் சொன்னால், அவர்கள் அடுக்குவது வேறு கட்டுரையாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வகுப்பில் படிக்க வையுங்கள்.